மூலையில் உட்கார வைப்பது வைத்தியமாகாது

பெங்களூர் ஆஸ்டின் டவுன் கால்பந்துக்குப் பெயர்போன பேட்டை. ஆட்டத்தில் ஒரு பையனுக்கு முழங்கால் பிசகினால், வீக்கம் வடிந்ததும் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போகிறார்கள். காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்து, சில வாரங்களில் அவன் மைதானத்துக்குத் திரும்புகிறான். அதே வீட்டில் பாட்டிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால், “வயசாயிடுச்சு, சும்மா உட்காரு பாட்டி” என்று கட்டிலைக் காட்டிவிடுகிறார்கள்.

இது அன்பினால் செய்யும் தவறு, ஆயினும் தவறுதான். பயன்படாத தசை கரைந்துவிடும். முதியவர்களுக்குச் சில நாள் படுக்கையே கால் பலத்தைக் குறைத்துவிடும். பலம் குறைந்தால் தடுமாற்றம். தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு. அதன்பின் படுத்த படுக்கை. வலிக்கு அஞ்சி நடையை நிறுத்தியதில் தொடங்கும் துன்பம் இது.

பிசியோதெரபி என்றால் மின்சாரப் பெட்டியும் சூட்டு ஒத்தடமும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை வலியைச் சற்றுத் தணிக்கலாம். உண்மையான மருந்து பயிற்சியே. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது போன்ற எளிய பயிற்சிகள்தான். யாருக்கு எது, எத்தனை முறை என்று பார்த்துச் சொல்லத்தான் தேர்ந்தவர் வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட உடலியக்கமும், மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்குமான பயிற்சியும் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது.

செலவுக்கு என்ன செய்வது? தொழிலாளியைச் சார்ந்து வாழும், சொந்த வருமானம் குறைந்த பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ உரிமை உண்டு. அவர்கள் ஊரில் இருந்தால் அங்குள்ள மருந்தகத்தில் பதியலாம். பெற்றோர் பெயரை இன்னும் சேர்க்காதவர்கள் உடனே சேர்க்க வேண்டும். விக்டோரியா மருத்துவமனையிலும், ஜெயநகரை அடுத்த சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனையிலும் இச்சிகிச்சை கிடைக்கிறது.

ஆனால் இது ஒரு முறை போய் ஊசி போட்டு வருவது போன்றதல்ல. வாரக்கணக்கில் தொடர வேண்டியது. படி இறங்கவே முடியாதவரைப் பஸ் ஏறி வரச் சொல்வது நியாயமா? 70 வயதைக் கடந்தவர்களுக்கு 2024-இல் மத்திய அரசு அறிவித்த 5 லட்ச ரூபாய்க் காப்பீடும், ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உரியது. வந்து போகும் நோயாளிக்கு அது உதவாது.

பெங்களூரின் வார்டுகளில் 2023 முதல் ‘நம்ம கிளினிக்’குகள் இயங்குகின்றன. அங்கே வாரம் இரண்டு நாளாவது ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து போக அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு நாற்காலியும், கைப்பிடியும், பொறுமையுள்ள ஒருவரும் போதும்.

பேரனுக்கு மைதானம் திரும்பக் கிடைக்கிறது. பாட்டிக்கு வாசற்படியாவது திரும்பக் கிடைக்க வேண்டாமா?