மிட்டாய் இல்லாத ஈஸ்டர் முட்டை



"மிட்டாய் இல்லாமல் முட்டையா? பொரி இல்லாமல் ஆயுத பூஜையா?" என்றுதான் நானும் முதலில் கேட்டேன். கேட்ட இடம் நியூ ஜெர்சியில் என் பெண் வீட்டுச் சமையலறை. வருஷம் 2024, மார்ச் மாதக் கடைசி. நாலு வயதுப் பேரனுடைய பாலர் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்திருந்தது. ஒவ்வொரு குழந்தையும் பன்னிரண்டு பிளாஸ்டிக் முட்டைகளை நிரப்பிக் கொண்டு வர வேண்டும். உள்ளே மிட்டாய், சாக்லேட், கடலை வகை எதுவும் இருக்கக் கூடாது.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஈஸ்டர் சமயத்தில் குழந்தைகளுக்கு முட்டை தேடும் விளையாட்டு உண்டு. இரண்டாகத் திறக்கும் வண்ண வண்ண பிளாஸ்டிக் முட்டைகளுக்குள் ஏதாவது வைத்து மூடி, புல்வெளியிலும் புதர் ஓரத்திலும் பெரியவர்கள் ஒளித்து வைப்பார்கள். குழந்தைகள் கூடையோடு ஓடிப் பொறுக்குவார்கள். ஈஸ்டருக்கு முட்டை வந்ததற்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டை சாப்பிட மாட்டார்கள். கோழி அதற்காக முட்டையிடாமல் இருக்குமா? சேர்ந்துபோன முட்டைகள் பண்டிகையன்று சாயம் பூசப்பட்டுக் குழந்தைகள் கைக்கு வந்தன. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் குழந்தைகள் முட்டை உருட்டும் வழக்கம் 1878-லேயே ஆரம்பமாகிவிட்டது.

"ஏண்டி, ஒரு நாளைக்கு ஒரு மிட்டாய் தின்றால் என்ன குடி முழுகிவிடும்?" என்றேன் என் பெண்ணிடம்.

"ஒரு மிட்டாயா இருந்தா பரவாயில்லம்மா. கூடை நிறைய வரும். அவன் வகுப்புல ஒரு குழந்தைக்கு வேர்க்கடலை பட்டாலே மூச்சு திணறும். அந்த அம்மா எவ்வளவு பயந்துண்டு இருப்பா?"

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. சர்க்கரைக் கணக்கும் இருக்கிறது. இரண்டு வயது வரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த பண்டமே வேண்டாம். அதற்கு மேல் ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்க இதய நோய்ச் சங்கம் 2016-ல் சொன்ன யோசனை. ஒரு கூடை மிட்டாய் இந்த அளவை எங்கே மதிக்கும்?

சரி, மிட்டாய் வேண்டாம். வேறு என்ன வைப்பது? வேலைக்குப் போகிற பெண், போகிற வழியில் ஒரு கடையில் நுழைந்து "முட்டையில் வைக்கும் விளையாட்டுச் சாமான்" என்று ஒரு பை வாங்கி வந்தாள். குட்டிக் குட்டி ரப்பர் பந்து, பழ வடிவ அழிரப்பர், மோதிரம், மணி. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ராத்திரி சாப்பாடு ஆனதும் தரையில் கொட்டிக் கொண்டு இரண்டு பேரும் நிரப்ப உட்கார்ந்தோம். பத்து மாதப் பேத்தி பக்கத்தில் தவழ்ந்து கொண்டிருந்தாள்.

பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டு நிமிஷம் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் குழந்தையின் ஒரு கன்னம் உப்பியிருக்கிறது! நெல்லிக்காய் அளவு ரப்பர் பந்து. கண்ணுக்குத் தெரிந்ததால் பக்கவாட்டில் விரலைக் கொடுத்து எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் என் கை நடுங்க ஆரம்பித்தது. என் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டு, பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. மிட்டாயை எடுத்துவிட்டால் மட்டும் முட்டை நல்லதாகி விடாது. அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1980 முதல் ஒரு விதி உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான விளையாட்டுச் சாமானை ஒன்றேகால் அங்குல அகலமுள்ள ஒரு சிறு குழலில் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே அடங்கிவிட்டால் அது தொண்டையில் அடைக்கும் சாமான், விற்கக் கூடாது. நம் வீட்டில் அந்தக் குழலுக்கு எங்கே போவது? டாய்லெட் பேப்பர் சுற்றி வருகிற அட்டைக் குழல் போதும். அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் கூடுதல் ஜாக்கிரதை. அதற்குள் நுழைகிற எதுவும் சின்னக் குழந்தையின் கைக்கு வேண்டாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் முட்டையே இரண்டரை அங்குல நீளம்தான். அதற்குள் அடங்குகிற கெட்டிச் சாமான் அநேகமாக அந்தக் குழலுக்குள்ளும் அடங்கிவிடும்! ஆகவே நானும் என் பெண்ணும் ஒரு விதி வைத்துக் கொண்டோம்: மடித்தால் சின்னதாகவும் விரித்தால் பெரியதாகவும் இருக்கிற சாமானே முட்டைக்குள் போகலாம். புடவையை மடித்து மடித்துப் பழகிய கைகளுக்கு இது கஷ்டமா என்ன?

பள்ளிக்குக் கொண்டு போன பன்னிரண்டு முட்டைகள்

மூன்றில் பூனை, யானை படம் போட்ட சின்னக் கைக்குட்டைகள். மூன்றில் வண்ணக் காகிதத்தில் வெட்டி மடித்த கிரீடங்கள். பிரித்துத் தலையில் வைத்தால் ராஜா. மூன்றில் ஒவ்வொரு ஜோடி காலுறை. இறுகச் சுருட்டினால் அடங்கிவிடுகிறது. மிச்சம் மூன்றில் படச் சீட்டுகள். தவளைப் படம் என்றால் ஐந்து தரம் தாவ வேண்டும். கொக்குப் படம் என்றால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பாம்பு என்றால் புல்லில் நெளிய வேண்டும். படிக்கத் தெரியாத வயது, ஆகவே எழுத்து வேண்டாம், படமே போதும். எனக்கு வரைய வராது. என் தவளையைப் பார்த்துப் பேரன் "பாட்டி, இது உருளைக்கிழங்கு" என்றான்! பரவாயில்லை, தாவினார்கள்.

வீட்டில் விளையாட

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்திலேயே ஒரு தேடல் வைத்தோம். பாட்டி வடை சுட்ட கதையை எட்டுப் படமாக வரைந்து, எட்டு முட்டையில் வைத்தேன். எட்டையும் கண்டுபிடித்து, வரிசையாக அடுக்கினால்தான் கதை. காக்கா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே நரி ஓடிவிட்டால் எப்படி? பேரன் அரை மணி நேரம் அடுக்கிக் கொண்டிருந்தான்.

குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பிரதி எடுத்து, தடி அட்டையில் ஒட்டி, பெரிய துண்டுகளாக வெட்டி முட்டைக்கு ஒன்றாக வைக்கலாம். கடைசித் துண்டில் தாத்தா முகம் வரும்படி பார்த்துக் கொள்ளுங்கள். இன்னொன்று சலுகைச் சீட்டு: "இன்று ராத்திரி இன்னும் ஒரு கதை", "குளியல் தொட்டியில் பத்து நிமிஷம் கூட", "அம்மாவோடு பூரி உருட்டலாம்". ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி விதைப் பொட்டலம் வைக்கலாம். அம்மா பக்கத்தில் இருந்து நட வைக்கட்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஏசுவின் பாடுகளைச் சொல்லும் சிறு சின்னங்களைப் பன்னிரண்டு முட்டைகளில் வரிசையாக வைத்துக் கதை சொல்வார்கள். கடைசி முட்டை காலியாக இருக்கும். வெறுமையான கல்லறைக்கு அது அடையாளம். சின்னங்கள் சிறியவை என்பதால் பெரியவர்கள் கையில் வைத்துக் காட்டுவதே நல்லது.

கைக்குழந்தைக்கு என்ன? ஒன்றும் வேண்டாம். பெரிய அளவு முட்டையாகப் பார்த்து வாங்கி, காலியாகவே கொடுங்கள். திறந்து மூடுவதே அந்த வயதுக்கு ஒரு திருவிழா. விரிசல் விட்ட முட்டையை மட்டும் உடனே குப்பையில் போட்டுவிடுங்கள், ஓரம் கிழிக்கும்.

நிஜ முட்டைதான் பிடிக்கும் என்றால், மஞ்சள் தூளோ வெங்காயத் தோலோ போட்ட நீரில் வேக வையுங்கள். அழகாகச் சாயம் பிடிக்கும். ஆனால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த முட்டையைச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

கூடவே கூடாதவை

விளக்கு எரிகிற, பாட்டுப் பாடுகிற குட்டிச் சாமான்கள் வேண்டாம். உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழலைப் புண்ணாக்கிவிடும். காந்த உருண்டைகள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகள் குடலிலும் பெருக்கும். ஊதாத பலூன், நாணயம், கோலி எதுவும் வேண்டாம். முழு முந்திரி, பாதாம், பாப்கார்ன், முழுத் திராட்சை இவையெல்லாம் நாலு வயதுக்குக் கீழே அபாயம். பிசைந்து விளையாடும் வண்ண மாவில் கோதுமை சேர்ந்திருப்பதுண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் கவனம்.

இத்தனைக்கும் மீறி அடைத்துக் கொண்டால்? குழந்தை சத்தமாக இருமினால் இருமட்டும், தடுக்காதீர்கள். இருமவோ அழவோ முடியாமல் திணறினால் தாமதிக்கக் கூடாது. ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழ்வாக முன்கையில் குப்புறக் கிடத்தி ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்தம். வயிற்றை அழுத்தவே கூடாது. வெளியே வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத சாமானை விரலை விட்டுத் தேடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். கூட இருப்பவர் அமெரிக்காவில் 911-க்கும், நம் ஊரில் 108-க்கும் போன் செய்யட்டும். இதை எழுத்தில் படிப்பதைவிட, முதலுதவி வகுப்பில் ஒரு தரம் கையால் செய்து பழகிக் கொள்வது மேல்.

இன்னும் ஒரு யோசனை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து தேடினால் ஆளுக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள். சண்டையும் வராது, பெரியவன் சாமான் சின்னவள் கைக்கும் போகாது. ஒளித்த முட்டையை எண்ணிக் கொள்ளுங்கள். விளையாட்டு முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள்.

மிட்டாய் இல்லையே என்று பேரன் கேட்டானா என்கிறீர்களா? ஒரு தரம் கேட்டான். அதற்குள் தலையில் கிரீடம் ஏறிவிட்டது, மறந்துவிட்டான்.

மே மாதம் நான் ஊருக்குக் கிளம்பினேன். பெட்டியெல்லாம் வாசலுக்குப் போய்விட்டது. பேரன் உள்ளே ஓடி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கசங்கிய சீட்டைக் கொண்டு வந்து நீட்டினான். "இன்று ராத்திரி இன்னும் ஒரு கதை." செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்! மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு முட்டைக்குள் நீங்கள் என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த இதழில், கோடை விடுமுறையில் பிள்ளைகளைச் சமையலறையில் எப்படிப் பழக்குவது என்று பார்ப்போம்.