பாவம் சர்க்கரைக்கு, பழி மாத்திரைக்கு

"சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா கிட்னி போயிடும்ணே." இதைக் கேட்காத சர்க்கரை நோயாளி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. டீக்கடையில் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்ஜினீயர் மருமகனே அனுப்பி வைக்கிறார். எல்லோரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வது பொய்.

இந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பது தெரிந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரர் பதினைந்து வருஷம் மாத்திரை போட்டார், இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறார். ஊர் கண்ணுக்குத் தெரிந்தது மாத்திரை மட்டும். அத்தனை வருஷமும் 280, 300 என்று ஓடிய சர்க்கரையும் 160-ஐத் தாண்டிய பிரஷரும் யார் கண்ணிலும் படவில்லை. அவருக்கு வலிக்கவும் இல்லை.

சேதம் நடப்பது ரத்தக் குழாயில். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு சுருள். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் வருகிறது. மிகுந்த சர்க்கரை குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது, சுருளுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ரத்தத்தில் தங்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. காலையில் கழிப்பறையில் கலையாமல் நிற்கிற நுரை அதுவாக இருக்கலாம். நுரைக்கு வெகு காலம் முன்பே பரிசோதனையில் அது தெரிந்துவிடும்: சிறுநீரில் கிரியாட்டினின் என்ற கழிவு ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை சிறுநீரகத்துக்கு மட்டுமானதல்ல. கண்ணிலும் இதயத்திலும் காலிலும் ரத்தக் குழாய்கள் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்பதும் அதில் அடக்கம். சிறுநீரக நோயாளிகள் பலர் டயாலிசிஸை எட்டுவதற்கு முன்பே இதய நோயில் போய்விடுகிறார்கள்.

இனி, குற்றம்சாட்டப்பட்ட மாத்திரைக்கு வருவோம். பிரிட்டனில் புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 3,867 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1998-இல் வெளியானது. மாத்திரையாலோ இன்சுலினாலோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் கால்பங்கு குறைந்தன. 2001-இல் வெளியான இன்னொரு ஆய்வில், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதான 1,513 சர்க்கரை நோயாளிகளிடம் லோசார்டான் என்ற பிரஷர் மாத்திரை சோதிக்கப்பட்டது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்தது. டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, 2020-இல் வெளியான சோதனையில், சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தந்தது. ஊர் பழிக்கிற பட்டியலிலேயே சிறுநீரகத்தைக் காக்கிற மருந்துகள் இருக்கின்றன!

"அப்படியானால் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியதும் டாக்டரே மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்தினாரே?" நியாயமான கேள்வி. மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். அதனால்தான் அளவைக் குறைக்கிறார்கள், ஒரு கட்டத்துக்குக் கீழே நிறுத்துகிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுத்ததால் அல்ல. லோசார்டான் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம், சுருளுக்குள் அழுத்தம் இறங்குவதன் அடையாளம் அது. 30 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் மருந்தைத் தொடரவே சொல்வார்கள், பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நோயாளிக்கு யார் சொல்வது? இரண்டு நிமிஷத்தில் சீட்டு எழுதி அடுத்தவரைக் கூப்பிடும் மருத்துவர்களுக்கும் இந்த வதந்தியில் பங்குண்டு.

வேடிக்கை என்னவென்றால், மெட்ஃபார்மினுக்குப் பயப்படுகிறவர் மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்லோஃபெனாக்கைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறார். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை உண்மையிலேயே குறைக்கிற மாத்திரை அது. கூடவே "கிட்னியைச் சுத்தம் செய்யும்" சூரணம். அதில் பாதரசமோ ஈயமோ இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. மூலிகை என்றாலே தீங்கில்லை என்பவர்களுக்கு பெல்ஜியத்தை நினைவூட்டலாம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலியச் சீன மூலிகைக் கலவை சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வந்த மாத்திரை பிஸ்கெட் டப்பாவில் கிடந்தால் எந்த அரசாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். மற்றபடி நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, கிரியாட்டினினோடு சிறுநீர் ஆல்புமினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.