ஏலம் ஒரு தரம்!

ஐ.பி.எல். ஏலம் வந்தால் அஞ்சுகிராமம் டீக்கடையில் ஆளாளுக்குத் தேர்வாளர். ‘எல மக்கா, இவனுக்கு அஞ்சு கோடி கூடுதலுடே!’ என்பவர் டீக்குக் கடன் சொல்லியிருப்பார்.

அமெரிக்காக்காரன் ஸ்டாப்வாட்ச்சோடு வருவான். அவர்கள் ஃபுட்பாலில் (கையால்தான் எறிவார்கள், கேட்காதீர்கள்) பந்து எறியும் தளபதிக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். கல்லூரிப் பையன்களை ஓடவிட்டு, உள்ளங்கையைக்கூட அளந்துதான் எடுப்பார்கள். 2000-ல் டாம் பிராடி 40 கெஜம் ஓட 5.28 விநாடி. ஆமை! 198 பேர் போன பிறகுதான் கூப்பிட்டார்கள். ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். நாலு தடியன்கள் மேலே பாயும்போது பதறாமல் நிற்பானா என்று அளக்க டேப் ஏது?

நம்ம வருண் சக்ரவர்த்தி ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டு வந்தவர். 2018 ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்து, 8.4 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. 2019-ல் முதல் ஓவரிலேயே 25 ரன். அப்புறம் விரலில் காயம். ஒரே மேட்ச்சோடு அனுப்பிவிட்டார்கள். கொல்கத்தா 4 கோடிக்கு, பாதி விலைக்கும் கீழே, வாங்கியது. 2022-ல் சொதப்பியும் கைவிடவில்லை. 2024-ல் கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் அதிக விக்கெட் அவர்தான், 21. அடுத்த சீசனுக்கு ஏலத்துக்கே விடாமல் 12 கோடிக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பஞ்சாப்காரர்கள் டி.வி.யில் பார்த்திருப்பார்கள்.