ஆகாயத்தை நிறுக்கும் தராசு



சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் என்னை வாசலில் மறித்தான். "மாமா! உலகங்கள் தோன்றிய காலத்து வெப்பம் இன்னமும் வானத்தில் மிச்சமிருக்கிறதாம். அதைக் கருவி வைத்து அளக்கிறார்களாம். கருவிக்கும் சொந்தமாக வெப்பம் உண்டல்லவா? எது வானத்தின் வெப்பம், எது கருவியின் வெப்பம் என்று எப்படிப் பிரித்தறிவார்கள்?" என்று கேட்டான்.

நான் மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகத்தில் அமர்ந்தவன். "அடுத்த மாதம் நம் பத்திரிகையில் எழுதுகிறேன், பார்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, எனவே தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அப்பிள்ளையின் கேள்வி என் உத்தியோகத்துக்கே மிக நெருங்கியது என்பது விளங்கிற்று. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் நிறுக்கும் கடைகளை அறியாதவர் யார்? அனுபவமுள்ள வியாபாரி சரக்கைத் தட்டில் வைப்பதற்கு முன் வெறுந்தட்டைப் பார்ப்பான். வெறுந்தட்டில் முள் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதன்மேல் எவ்வளவு நல்ல மிளகை வைத்தாலும் கணக்குப் பிசகும். வானத்தை நிறுக்கும் விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். அவர்கள் நிறுக்கும் சரக்கு மட்டும் நம் கற்பனைக்கு எட்டாத அளவு நுண்ணியது.

பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது இன்றைய கணக்கு. ஆதியில் அது கொதிக்கும் மூடுபனி போலிருந்தது. ஒளி நேராகச் செல்ல வழியில்லை. சுமார் 3,80,000 ஆண்டுகள் கழிந்து, வெப்பம் தணிந்து அணுக்கள் உருவான பின்னரே, அப்பனி விலகி ஒளிக்கு வழி பிறந்தது. அவ்வொளியே இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. பிரபஞ்சம் விரிய விரிய அதுவும் நீண்டு குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது. இப்போது அதன் உஷ்ணம் 2.725 கெல்வின், நம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரி. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிலையம் கிடைக்காதபோது திரையில் வெண்புள்ளிகள் இரைந்தனவே, அவற்றில் ஒரு சிறு பங்கு இந்த ஆதி ஒளியினுடையதாகும்.

இதைக் கண்டவர்கள் இதைத் தேடிப் போனவர்கள் அல்லர். அமெரிக்காவில் நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஹோம்டெல் என்னும் இடத்தில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த பென்சியாஸ், வில்சன் என்ற இருவர், 1964-ல் கொம்பு வடிவமான ஒரு பெரிய வானொலி ஏற்பியைச் சோதித்துக்கொண்டிருந்தனர். அளவு ஒத்துவரவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் சுமார் 3.5 டிகிரி அதிகமாகவே காட்டிற்று. நியூயார்க் நகரத்தின் இரைச்சலோ என்று அத்திசையில் திருப்பிப் பார்த்தனர், இல்லை. உலோகத் தகடுகளின் பொருத்துகளில் பட்டி ஒட்டிப் பார்த்தனர், மாற்றமில்லை. கொம்புக்குள் கூடு கட்டியிருந்த ஒரு ஜோடிப் புறாக்களைப் பிடித்து அனுப்பி, அவற்றின் எச்சத்தை வழித்துத் துடைத்தனர். அப்பொழுதும் அந்த அதிகம் அப்படியே நின்றது.

அதைக் கருவியின் கோளாறு என்று சொல்லி மூடிவிட அவர்களால் முடியவில்லை. ஏனெனில், உஷ்ணம் இன்னதென்று திட்டமாகத் தெரிந்த பொருளொன்றைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்து, கருவியை மாறி மாறி அப்பொருளையும் வானத்தையும் பார்க்கச் செய்திருந்தனர். படிக்கல் சரியாயிருந்தது, ஆகவே மிகுதி வானத்தினுடையதே. 1965-ல் அதை வெளியிட்டனர்; 1978-ல் நோபல் பரிசு பெற்றனர். புறா எச்சத்தைத் துடைக்கும் பொறுமை இல்லாதிருந்தால் அந்தப் பரிசும் இல்லை.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நினைக்க வேண்டும். அதே மாகாணத்தில் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ராபர்ட் டிக்கி என்ற பேராசிரியர் இந்த ஆதி ஒளியைத் தேடுவதற்கென்றே கருவி அமைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் முந்திவிட்டனர். ஆனால், தெரிந்த படிக்கல்லையும் தெரியாத சரக்கையும் நொடிக்குப் பலமுறை மாற்றி மாற்றி ஒப்பிடும் முறையை 1946-லேயே உலகுக்குத் தந்தவர் அவர்தாம். 'டிக்கி மாற்றி' என்று அதற்கு இன்றும் பெயர். பரிசு கைதவறிற்று, தராசு நிலைத்துவிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், 1907-ல் கல்கத்தாவில் நிதி இலாகா உத்தியோகத்தில் அமர்ந்து, ஆபீஸ் நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி செய்தவர் என்பது நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அவர் 1948-ல் பெங்களூரில் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில், ரவி சுப்ரமணியனும் அவருடைய சகாக்களும் 'சரஸ்' என்ற வானொலிக் கருவியை உருவாக்கினர். ஆதி ஒளிக்குப் பின் நெடுங்காலம் இருண்டிருந்த பிரபஞ்சத்தில் முதல் விண்மீன்கள் பற்றிய வேளையை அறிவதே அதன் நோக்கம். அக்காலத்து ஹைட்ரஜன் வாயு, ஆதி ஒளியின்மேல் ஒரு மெல்லிய தழும்பை விட்டிருக்க வேண்டும். அன்று 21 சென்டிமீட்டராயிருந்த அலை இன்று பல மீட்டர் நீளமாகி நம்மிடம் வரும். அத்தழும்பின் அளவு, ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்பது கணிப்பு. நம் பால்வீதியின் வானொலி இரைச்சலோ அதே அலைவரிசையில் ஆயிரம் டிகிரியையும் தாண்டும். ஒரு மூட்டை மிளகின்மேல் விழுந்த ஒரு தூசியை நிறுப்பது போன்ற வேலை இது.

2018-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வைத்த 'எட்ஜஸ்' என்ற கருவி அத்தழும்பைக் கண்டுவிட்டதாக அறிவித்தனர். 78 மெகாஹெர்ட்ஸ் அருகே அரை டிகிரி ஆழமுள்ள பள்ளம் அது. கணித்ததைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் ஆழம். உண்மையானால் பௌதிக சாஸ்திரத்தையே திருத்தி எழுத வேண்டிவரும். பலர் புதிய கொள்கைகளை எழுதவும் தொடங்கிவிட்டனர். பள்ளம் வானத்தில்தான் உள்ளதா, கருவியில் உள்ளதா என்பதே கேள்வி. நம் சிறுவன் கேட்டதும் அதுவேயன்றோ!

பெங்களூர்க்காரர்கள் விவாதத்தில் இறங்காமல் தங்கள் கருவியின் மூன்றாம் வடிவத்தைச் சோதனைக்கூடத்தில் வைத்தனர். வானத்தைப் பார்க்கும் ஏற்பியைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் குணம் திட்டமாகத் தெரிந்த மின்முனைகளைப் பொருத்தினர். சில முனைகள் அலையை முழுதும் விழுங்கும். சில முழுதும் திருப்பியடிக்கும். இப்போது கருவிக்கு வானமே தெரியாது. இந்நிலையிலும் அளவுக்கோட்டில் மேடோ பள்ளமோ தென்பட்டால் அது கருவியின் சொந்தச் சரக்கு என்று தீர்மானிக்கலாம். வெறுந்தட்டுச் சோதனை என்று நான் சொன்னது இதைத்தான். டிக்கியின் மாற்றியும் அதில் உண்டு. பின்பகுதியில் உள்ள கணினிப் பொறிகளின் இரைச்சல் திரும்ப ஏறி முன்பகுதியைக் கெடுக்காதபடி, செய்தியை ஒளியாக்கிக் கண்ணாடி இழை வழியே அனுப்பினர். சோதனையில் தேறிய பின்னரே கருவி வெளியே சென்றது.

அது சென்ற இடம் நம் போன்ற காயலோரத்தாருக்கு உவப்பானது. ஏற்பியை நிலத்தில் வைத்தால், கீழுள்ள மண்ணும் கல்லும் ஈரமும் அடுக்கடுக்காக மாறுபட்டு அலையைக் குழப்பும். தண்ணீரோ ஒரே சீரானது. ஆகவே ஒரு தெப்பத்தின்மேல் ஏற்பியை அமைத்து, 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகானஹள்ளி ஏரியிலும், சராவதி ஆற்று அணையின் தேங்குநீரிலும் மிதக்கவிட்டனர். நகரத்துப் பண்பலை வானொலிகளின் ஆரவாரம் அங்கே குறைவு.

2022 பிப்ரவரியில் முடிவு வெளியாயிற்று. எட்ஜஸ் சொன்ன வடிவுள்ள பள்ளம் சரஸ் கண்ட வானத்தில் இல்லை, 95.3 சதவீத உறுதியுடன் அதை நிராகரிக்கிறோம் என்றனர் சௌரப் சிங்கும் அவருடைய குழுவினரும். முதல் விண்மீன்களின் தழும்பே இல்லையென்று அவர்கள் சொல்லவில்லை. இது அதுவன்று என்றே சொன்னார்கள். நூற்றுக்கு நூறு என்றும் பெருமையடிக்கவில்லை. தங்கள் தராசுக்கு எத்தனை நிச்சயம் உண்டோ அத்தனையை மட்டும் சொன்ன அந்த அடக்கம் என் உள்ளத்தைத் தொட்டது.

தொட்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நிலையத்தின் பார்சல் பிரிவில் இருந்தேன், பெயர் வேண்டாம். ஒருநாள் நம் தமிழர் ஒருவர், வயது அறுபதுக்கு மேலிருக்கும், மூட்டையொன்றைத் தூக்கி வந்தார். மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நாற்பது வருஷம் மூட்டை சுமந்தவர். ஊரோடு போய்விடத் தீர்மானித்துப் பாத்திரம் பண்டங்களை அனுப்ப வந்திருந்தார். இயந்திரம் காட்டிய எடையை நான் சொன்னதும், "இல்லை தம்பி, ரெண்டு கிலோ கூடச் சொல்கிறீர்கள். என் தோளுக்குத் தெரியும்" என்றார்.

"இயந்திரம் பொய் சொல்லாது, பெரியவரே" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபேச்சின்றிக் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டுத் தலை குனிந்து போய்விட்டார்.

பத்து நாட்கள் கழித்து முத்திரையிட்ட படிக்கற்களோடு அதிகாரி சோதனைக்கு வந்தார். இயந்திரம் ஏறக்குறைய இரண்டு கிலோ அதிகமாகவே காட்டிற்று. இயந்திரத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தப் பெரியவரைத் திருப்பி அழைக்க முடியுமா? சீட்டில் அவர் பேரும் ஊர்ப் பேரும் மட்டுமே இருந்தன. நான் எழுதிய கடிதம் ஆள் அறியப்படவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதிகமாக வாங்கியது சில ரூபாய்தான். நாற்பது வருஷத்து அனுபவத்தைப் பலர் முன்னிலையில் பொய்யாக்கி அனுப்பினேனே, அதற்கு என்ன ரசீது கொடுப்பது?

அன்று முதல், எந்த நிலையத்தில் எந்த வேலையில் இருந்தாலும், தராசு என் பொறுப்பில் வருமானால், ஜன்னலைத் திறக்குமுன் வெறுந்தட்டைப் பார்த்து, தெரிந்த படிக்கல் ஒன்றை வைத்துப் பார்த்த பின்பே முதல் மூட்டையை வாங்குகிறேன். அதற்கு ஐந்து நிமிஷம் செலவாகும்.

அன்புக்குரிய சிறுவனே! உன் கேள்விக்கு விடை இதுதான். வானத்தைக் காட்டாமல் கருவியை முதலில் தனியே நிறுத்திக் கேட்கிறார்கள். அது மௌனமாயிருக்கக் கற்ற பிறகே வானத்தைப் பேசவிடுகிறார்கள். பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் இவ்விதம் கேட்கும்போது, அதிகப்பிரசங்கம் என்று அடக்கிவிடாதீர்கள். அன்று அந்த ஜன்னலில் நான் என்னையே இக்கேள்வி கேட்டிருந்தால், ஒரு பெரியவர் தலை நிமிர்ந்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.