ஒட்டகத்தைக் கட்டாத தவக்குல்

பெருநாளுக்கு மறுநாள், மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் கோபாலப்பட்டினத்திலிருந்தும் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் அணியணியாகப் புறப்படுவார்கள். தெற்கே ஏர்வாடி, வடக்கே நாகூர், மேற்கே கொடைக்கானல். (ஜியாரத் குறித்த விவாதத்தை இங்கே இழுக்கவில்லை, அது வேறு.) பயணத்தை நாம் குறை கூறவில்லை. பூமியில் சுற்றிப் பார்க்குமாறு குர்ஆனே பல இடங்களில் அழைக்கிறது. நாம் எதிர்ப்பது அவர்கள் புறப்படும் விதத்தையும், அதற்கு வீட்டார் சூட்டும் அழகிய பெயரையும்தான்.

“அல்லாஹ் பாத்துக்குவான்” என்று சொல்லியபடி சாவியைக் கொடுக்கிறார் அத்தா. அந்த வண்டியின் பின் டயர் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஓட்டுகிறவன் பெருநாள் இரவு முழுவதும் கண் விழித்தவன். தலைக்கவசமோ கண்ணாடியில் தொங்குகிறது. இதுவா தவக்குல்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததாகத் திர்மிதியில் வரும் செய்தியை மேடைதோறும் கேட்கிறோம். கட்டுவதை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

விபத்து நேர்ந்தால் அடுத்த சொல் ஆயத்தமாக இருக்கிறது: கத்ர். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதறிந்து பாதி வழியில் திரும்பிய உமர் (ரலி), அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார். தேய்ந்த டயரை மாற்றுவதும் விதிக்குள் அடங்கியதே.

செழிப்பான நிலத்தில் சென்றால் ஒட்டகத்துக்கு அதன் பங்கை மேயக் கொடுங்கள், இரவில் தங்கினால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்ற வழிகாட்டல் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வாகனத்துக்கும் உரிமை உண்டு என்பதே இதன் பொருள். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றழுத்தம் பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். பின்னால் ஆளும் பையும் ஏறினால் எவ்வளவு காற்றுக் கூட்டுவது என்பது வண்டியின் கையேட்டிலேயே உள்ளது. சங்கிலியின் தளர்ச்சி, பிரேக் ஷூவின் தேய்மானம், ஆயில், முகப்பு விளக்கு, கிளட்ச் கேபிள் ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே பழுது பார்த்து, உள்ளூரில் ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். புறப்படும் காலையில் குறை தெரிந்து பயனில்லை. மெக்கானிக்கும் பெருநாள் கொண்டாடுவார்.

ஓட்டுகிறவனின் உடலும் அமானிதம். இரவில் நன்கு உறங்கி, ஃபஜ்ர் தொழுதபின் கிளம்பட்டும். ஒரு மணி நேரத்துக்கொருமுறை சாலையை விட்டு இறங்கித் தண்ணீர் குடிக்கட்டும். இருட்டியபின் இந்தச் சாலையில் மாடுகள் படுத்திருக்கும் என்பதை நம் ஊரார்க்குச் சொல்லவும் வேண்டுமா? மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக்கும்படி அபூதாவூதில் உள்ளது. அந்த அமீர் எல்லாரிலும் மெதுவாக ஓட்டுகிறவனின் வேகத்தையே கூட்டத்தின் வேகமாக்கட்டும்.

சட்டமும் இதையே கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு பின்னிருப்பவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 128ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றத் தடை விதிக்கிறது. போலீஸைக் கண்டதும் மாட்டிக்கொண்டு, அவர்களைக் கடந்ததும் கழற்றும் பிள்ளை யாரை ஏமாற்றுகிறான்?

ஜனாஸா அறிவிப்புக்கு ஒலிபெருக்கி தரும் ஜமாஅத், பெருநாளுக்கு முந்தைய ஜும்ஆவில் இதையும் அறிவிக்கலாமே. சாவியைக் கொடுக்குமுன் ஒவ்வோர் அத்தாவும் குனிந்து, பின் டயரைக் கையால் தடவிப் பார்க்கட்டும்.