ஒரே பெயரில் பல ஊசிகள், ஒற்றை வரியில் ஒரு தீர்ப்பு

 

முகச் சுருக்கத்தைப் போக்கும் ஊசிகளைப் பற்றி நம் குடும்பங்களில் இன்று இரண்டு குரல்கள் கேட்கின்றன. ‘போட்டாக்ஸ் பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது, ஆகவே அதன் நிழலும் ஹராம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒற்றை வரியில் தீர்ப்பளிப்பது ஒரு குரல். ‘விலங்குப் பொருள் கலவாத புதிய ஊசி வந்துவிட்டது, ஆகவே ஹலால்’ என்று கூவி அழைப்பது மற்றொரு குரல். இரண்டும் பிழை என்பதே நம் நிலைப்பாடு. முதல் குரல் நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகிறது. இரண்டாம் குரல் நலமாக இருப்பவரை ஊசி முனைக்கு இழுத்து வருகிறது. ஒன்றைப் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் முன் அது இன்னதென்று அறிந்துகொள்வது நம் கடமை.

இது என்ன மருந்து?

குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி உண்டாக்கும் நஞ்சே இதன் மூலப்பொருள். கெட்டுப்போன உணவின் வழியாக அது உடலில் பரவினால் மூச்சுத் தசைகளையும் செயலிழக்கச் செய்து உயிரைப் பறிக்கும். அதே நஞ்சை மிக நுண்ணிய அளவில் ஒரு தசைக்குள் செலுத்தினால், நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளை தடைபடுகிறது. தசை தளர்கிறது, அதன் மேலுள்ள தோலின் மடிப்பும் மறைகிறது. சில நாள்களில் பலன் தெரியத் தொடங்கி, பொதுவாக மூன்று அல்லது நான்கு மாதங்களில் மறைந்துவிடும்.

இது அழகு நிலையத்தில் பிறந்த பொருள் அன்று. ஆலன் ஸ்காட் என்னும் அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதை ஆய்ந்தார். 1989ஆம் ஆண்டு மாறுகண்ணுக்கும் கண்ணிமை இறுக்க நோய்க்கும் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி வழங்கியது. புருவங்களுக்கு இடையிலான கோடுகளுக்கு அனுமதி கிடைத்ததோ 2002இல்தான். நாள்பட்ட ஒற்றைத் தலைவலி, பக்கவாதத்திற்குப் பின் கை கால் விறைத்துப்போதல், கழுத்துத் தசை திருகிக்கொள்ளுதல், அளவுகடந்த அக்குள் வியர்வை ஆகியவற்றுக்கும் இன்று இது சிகிச்சையாகப் பயன்படுகிறது.

ஊசிக்கு ஊசி வேறுபாடு

போட்டாக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் மட்டுமே. டிஸ்போர்ட், ஜியோமின், ஜுவோ, டாக்சிஃபை ஆகியன வேறு ஊசிகள். அடிப்படை நஞ்சு ஒன்றே. உடன் சேர்க்கப்படும் பொருள்களும் அளவும் வேறு.

போட்டாக்ஸ், ஜுவோ இரண்டிலும் மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் என்னும் புரதமும் உப்பும் உள்ளன. டிஸ்போர்ட்டில் அல்புமினுடன் பால் சர்க்கரையும் உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் அதைப் போடக் கூடாது. ஜியோமினில் நஞ்சைச் சூழ்ந்திருக்கும் துணைப் புரதங்கள் நீக்கப்பட்டுள்ளன. ஆனால் அதிலும் மனித அல்புமின் உண்டு. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சிஃபையில் மனித அல்புமினும் இல்லை. விலங்குப் பொருளும் சேர்க்கப்படுவதில்லை. அதன் பலன் பலருக்கு ஆறு மாதம் வரை நீடிக்கிறது.

புருவ இடைக்கோடுகளுக்குப் போட்டாக்ஸ் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட் 50 யூனிட், டாக்சிஃபை 40 யூனிட். ஒன்றின் யூனிட் மற்றொன்றின் யூனிட்டுக்குச் சமம் அன்று. ‘அங்கே இருபது யூனிட், இங்கே ஐம்பது யூனிட், அதுவும் குறைந்த விலையில்’ என்று விளம்பரம் செய்பவர் ஒன்று அறியாதவர்; அல்லது அறிந்தே ஏமாற்றுபவர். உதட்டையும் கன்னத்தையும் உப்பச் செய்யும் ‘ஃபில்லர்’ ஊசி முற்றிலும் வேறு பொருள். அது இரத்தக் குழாயை அடைத்தால் கண் பார்வையே போய்விடக்கூடும். அதையும் போட்டாக்ஸ் என்றே அழைப்பது பெரும் பிழை.

பன்றி என்னும் வதந்தி

போட்டாக்ஸின் அதிகாரபூர்வ மருந்துக் குறிப்பு, அக்கிருமி பால் புரதமான கேசீன், குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு ஆகியவை கொண்ட ஊடகத்தில் வளர்க்கப்படுவதாகக் கூறுகிறது. எனவே பன்றி என்று பொத்தாம்பொதுவாக அறிவிப்பது ஆதாரமற்ற பேச்சு. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவது மார்க்கம் கண்டித்த செயல். ஹராமை ஹலாலாக்குவது எவ்வளவு பெரிய குற்றமோ, ஆதாரமின்றி ஹராம் என்பதும் அவ்வளவு பெரிய குற்றமே.

உண்மையில் பேச வேண்டிய பொருள் அல்புமின். மனித உடலின் பகுதியை வணிகப் பொருளாக்குவதை நம் சட்ட அறிஞர்கள் மனித கண்ணியத்தின் பெயரால் தடுத்துள்ளனர். உயிர் காக்கவும் நோய் தீர்க்கவும் இரத்தம் ஏற்றுவதை அனுமதித்ததும் அவர்களே. தேவை வந்தால் தடை தளரும். கண்ணிமை திறக்க முடியாமல் தவிக்கும் தாய்க்கும், பக்கவாதத்தால் விரல் மடங்கிப்போன தந்தைக்கும் இருப்பது தேவை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களின் வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். 2006இல் அழகுக்காக இவ்வூசி போடுவதைத் தடுத்த மலேசிய தேசிய ஃபத்வா கவுன்சிலும் மருத்துவத் தேவைக்கு இடமளித்தது. ஒற்றை வரித் தீர்ப்பைப் பரப்புவோர் இந்த விதிவிலக்கை விட்டுவிடுகின்றனர்.

‘தற்காலிகம்தானே?’

அழகுக்காகப் போடுவோரின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பச்சை குத்துவதும் அழகுக்காகப் பல்லை அராவுவதும் நிரந்தர மாற்றங்கள். அவற்றை நபிமொழி கண்டிக்கிறது. இதுவோ நான்கு மாதத்தில் மறைவது. மருதாணி போன்றது என்கின்றனர். இவ்வாதத்தை முன்வைக்கும் சமகால அறிஞர்களும் உள்ளனர். அதில் ஓரளவு வலு இருப்பதை நாம் மறுக்கவில்லை. முதுமையின் அடையாளத்தை மறைப்பது அனைத்தும் தடை என்றும் நாம் கூறவில்லை. மக்கா வெற்றியின் போது அபூகுஹாஃபா (ரலி) அவர்களின் வெண்ணிற முடியைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், கறுப்பைத் தவிர்த்து வேறு நிறத்தால் அதை மாற்றச் சொன்னார்கள்.

ஆனால் மருதாணி தோலின் மேல் தங்குகிறது. இது நரம்பின் கட்டளையை முடக்குகிறது. இவ்வகை ஊசிகள் அனைத்தின் மருந்துக் குறிப்பிலும், நஞ்சு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவி விழுங்குவதையும் மூச்சையும் பாதிக்கக்கூடும் என்ற கடும் எச்சரிக்கை கட்டமிட்டு அச்சிடப்பட்டுள்ளது. அழகுக்குப் போடும் சிறிய அளவில் அது அரிது. இமை தொங்கிப்போதல் அவ்வளவு அரிதன்று. நோய் தீர்க்க ஒரு தீங்கின் அபாயத்தை ஏற்பது அறிவு. நோயே இல்லாதபோது அதை விலை கொடுத்து வாங்குவதற்கு என்ன நியாயம்? நான்கு மாதத்திற்கு ஒருமுறை ஆண்டு முழுவதும் தொடரும் செலவு வீண்விரயம் இல்லையா? ‘தற்காலிகம்’ என்பதே இங்கு எதிர்வாதமாகிறது: முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வாங்க வைக்கும் பொருள் இது. அல்புமின் இல்லாத ஊசி முதல் தடையை நீக்கலாம். இந்தக் கேள்விகளை நீக்காது.

மலிவு ஊசியின் ஆபத்து இதனினும் பெரிது. 2024இல் அமெரிக்காவில் போலி ஊசிகளாலும் தகுதியற்றவர்கள் போட்ட ஊசிகளாலும் 11 மாநிலங்களில் 22 பேர் பாதிக்கப்பட்டதாகவும், அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட அனைவரும் பெண்கள். வீட்டிலும் அழகு நிலையத்திலும் போட்டுக்கொண்டவர்கள் அவர்களில் இருந்தனர்.

குற்றவாளி யார்?

பெண்களை மட்டும் கண்டித்துப் பேச்சை முடித்துக்கொள்ளும் மேடைகளோடு நமக்கு உடன்பாடில்லை. நாற்பது வயது மனைவியின் நெற்றியைப் பார்த்துக் கேலி பேசும் கணவர் யார்? ‘முகம் கிழடு தட்டிவிட்டதே’ என்று திருமண வீட்டில் சொல்லும் உறவினர் யார்? பெண் பார்க்க வரும்போது தீனைக் கேட்காமல் தோலைப் பார்க்கும் மாமியார் யார்? அந்த நெற்றிக் கோடுகள் நம் பிள்ளைகளின் காய்ச்சல் இரவுகளில் விழுந்தவை. இஸ்லாத்தில் நரைத்த முடி மறுமையில் ஒளியாகும் என்று கற்பிக்கும் சமுதாயம், தன் வீட்டில் நரையைக் குறையாக்கினால், ஊசி விற்பவருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது நாமே.

எனவே, நோய்க்காக மருத்துவர் பரிந்துரைத்தால் தயங்காமல் சிகிச்சை பெறுங்கள். ஊசியின் பெயர், அதில் சேர்ந்துள்ள பொருள்கள், யூனிட் அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். கர்ப்பம், பாலூட்டுதல், தசை பலவீன நோய், பால் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். ஊட்டமளிக்காத இத்தகைய ஊசியால் நோன்பு முறியாது என்பதே சமகால அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து; தோலுக்கு அடியில் செல்வதால் ஒளூவுக்கும் தடையில்லை. முதுமையின் கோடுகளை அழிக்க மட்டும் என்றால், அந்த ஊசியை விட்டு விலகுங்கள். நம் இல்லத்துப் பெண்களின் முகத்தைக் குறை சொல்லும் நாவை அதற்கு முன்பே அடக்குங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். நம் தோற்றத்தை அழகாக்கிய அவன் நம் குணத்தையும் அழகாக்குவானாக! ஆமீன்.