கால் பணமும் முழத்துண்டும்

அரிச்சந்திரன் என்றால் சத்தியம் என்றே பேசிப் பழகிவிட்டோம். சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்த காந்தி, எல்லோரும் ஏன் அவனைப் போல் இருக்கக்கூடாது என்று ஏங்கியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஏக்கத்தின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் கோயில் பொங்கலுக்கு அந்தக் கதையின் மயான காண்டம் பார்க்க உட்காரும் சனம் அழுவது சத்தியத்துக்காக இல்லை. கடனை நினைத்து அழுகிறது. வேலைக்குப் போய் வீடு திரும்பாத பிள்ளையை நினைத்து அழுகிறது.

கதையை ஒருதரம் அந்தக் கண்ணோடு பாருங்கள். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கு, கெடு வைத்த கடனாகிறது. கடனை அடைக்க மனைவி சந்திரமதியும் மகன் லோகிதாசனும் காசியில் காலகண்டர் வீட்டுக்கு விலைபோகிறார்கள். மீதிக்கு அரசன் தன்னையே வீரவாகுவிடம் விற்று மயானம் காக்கிறான். லோகிதாசன் எப்படிச் சாகிறான்? தருப்பை அறுக்க அனுப்பிய இடத்தில் பாம்பு தீண்டிச் சாகிறான். வேலைத்தலத்தில் நேர்ந்த சாவு அது. சேதி கேட்டுத் துடிக்கும் தாயை உடனே விடுவதில்லை. வீட்டுவேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார்கள். அவள் பிணத்தைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் தனியாக மயானத்துக்கு வருவது அதனால்தான்.

எங்கள் வட்டாரத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியும் முன்னே ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க இருந்தார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அன்று பஸ் ஏறியவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டவர்களாக நாடக மேடை முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மயான காண்டத்தின் உயிர் கூலி பேசும் கட்டத்தில் இருக்கிறது. பிணத்தை எரிக்கக் கொடுக்க வேண்டியவை மூன்று: கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. அரிசி காவல்காரனுக்கு, பணமும் துண்டும் ஆண்டை வீரவாகுவுக்கு. கையில் காசில்லாமல் நிற்கும் பெண்ணிடம் அரிச்சந்திரன் தன் பங்கை விட்டுத்தருகிறான். ஆண்டையின் பங்கை விட்டுத்தர மாட்டேன் என்கிறான். ராஜபார்ட் நடிகர்கள் பலர் இந்த இடத்தை ஓட்டமாகக் கடந்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது தாங்கவே முடிவதில்லை. அந்த மனிதன் யார் என்று தெரிகிற இடம் அது. நாட்டையே தூக்கிக் கொடுத்தவன் இப்போது கொடுக்க முடிந்தது ஒரு பிடி அரிசி. அவனுக்குச் சொந்தமாக மிஞ்சியிருப்பதும் அந்த ஒரு பிடிதான். ஒரு மூச்சு நின்று, தயங்கி, பிறகு அதை விட்டுக்கொடுக்கிற ராஜபார்ட்டே எனக்கு அரிச்சந்திரன்.

அதன்பின் தாலி. கழுத்தில் கிடப்பதை விற்றுக் கொண்டுவா என்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. அந்தச் சொல்லிலேயே அவள் அவனை அறிந்துகொள்கிறாள். கிடப்பது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவன் கட்டணத்தை விடுவதில்லை.

சோபோக்கிளீசின் ஆன்டிகனி நாடகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறிய அந்த நாடகத்திலும் சிக்கல், ஒரு பிணத்தை அடக்கம் செய்வதுதான். தடுப்பவன் கிரேயோன் என்னும் அரசன். மீறுபவள் இறந்தவனின் சகோதரி. எல்லாம் அரண்மனை வாசலில் நடக்கிறது. அந்தச் சகோதரனின் உடல் மேடைக்கு வருவதே இல்லை. நம் நாடகத்தில் தடுப்பவனே தகப்பன். பிள்ளை நம் கண்முன் கிடக்கிறான். சட்டமும் துக்கமும் ஒரே ஆளின் கையிலிருக்கும் கோலில் வந்து சேர்ந்துவிட்டன. இதைவிடக் கொடிய மேடை அமைப்பு எனக்குத் தெரியாது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தடம் போட்டுக் கொடுத்த ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகிறவர்கள். ஒத்திகை கிடையாது, ஆர்மோனியமும் மிருதங்கமும் தொடங்கிய பிறகுதான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள். அதனால் பாத்திரத்துக்குப் பொருள் சொல்லும் வேலை அந்த ராத்திரி, மேடையிலேயே நடக்கிறது. நல்ல ஸ்திரீபார்ட் அமைந்துவிட்டால் சந்திரமதி வெறுமனே அழுதுகொண்டிருக்க மாட்டாள், வாதாடுவாள். கேள்வி கேட்கிறவள் அவள். பதில் சொல்ல முடியாமல் கடமை பேசுகிறவன் அவன்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நாடு போனதைவிட வெட்டியான் வேலைக்கு வந்ததே பெரிய வீழ்ச்சி என்று அது நம்மை நினைக்க வைக்கிறது. அந்த வேலையைப் பிறப்போடு சுமக்க வைக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அரசன் சில நாள் பட்டதற்குக் கசியும் மனசு, தலைமுறை தலைமுறையாகப் பட்டவருக்கும் கசிய வேண்டும்.

நல்லூர் வீரகவிராயரின் அரிச்சந்திர புராணத்தில் மயான காண்டத்துக்கு அடுத்து மீட்சிக் காண்டம் வருகிறது. பிள்ளை எழுந்து உட்காருகிறான், நாடு திரும்புகிறது. எங்கள் வட்டாரத்தில் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் மருந்து வெடித்துச் சனம் கருகியது. இங்கே எந்தத் தெய்வமும் இறங்கி வரவில்லை. மயானத்தோடு கதை நிற்பதுதான் இந்த மண்ணுக்குப் பொருந்துகிறது.

காலகண்டர் வீட்டுக் காட்சியைச் சில மேடைகளில் சிரிப்புக்காக வளர்க்கிறார்கள். நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுவதும் அதைத்தான். இந்த வருசம் நாடகம் பேசப் போகிற விழாக் கமிட்டியாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் காட்சியை முழுசாக, சிரிப்பில்லாமல் போடச் சொல்லுங்கள். தருப்பை அறுக்க அந்தப் பிள்ளையை அனுப்பியது யார் என்று ஊர் பார்க்கட்டும்.